அத்தாயி வீட்டு வெந்நீர் மிஷின்

அத்தாயிக்கு வெந்நீரே ஆகாது. பிறந்ததிலிருந்து மலைமேல் ஆலத்தூர் நாட்டு ஊற்றுத் தண்ணீரில் குளித்த உடம்பு. மார்கழிப் பனியில் பல்லெல்லாம் கிடுகிடுக்கிற விடியலில்கூட நாலு சொம்பு பச்சைத் தண்ணீரை அள்ளி ஊற்றிக்கொண்டு, தலையைத் துவட்டியபடியே மிளகுத் தோட்டத்துக்குக் கிளம்பிவிடுவாள். அப்படிப்பட்டவள் வீட்டுக் குளியலறைச் சுவரில் கரண்டில் வேலை செய்கிற வெந்நீர் மிஷின் ஒன்று தொங்குகிறது. தொங்குவதோடு சரியா என்றால் இல்லை, அடிக்கடி படுத்தும் கொள்கிறது. ஒற்றை ஆள் இருக்கிற வீட்டில், அதுவும் வெந்நீரைக் கண்டாலே முகத்தைச் சுளிக்கிற ஆள் இருக்கிற வீட்டில், அந்த மிஷினுக்கு அப்படி என்னதான் கேடு வருகிறது என்று ஊரில் பலருக்கும் சந்தேகம். கேட்டால் அத்தாயி, "தண்ணி சரியில்ல" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவாள்.

தண்ணீரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். அந்த ஊரில் இரண்டு தண்ணீர் உண்டு. மேட்டில் பாறை இடுக்கிலிருந்து வருகிற ஊற்றுத் தண்ணீர் ஒன்று. கருப்பு ஓஸ் பைப்பைப் போட்டு ஆளாளுக்கு வீட்டுக்கு இழுத்துக்கொண்டிருக்கிறார்கள். துளி உப்பில்லாத தண்ணீர் அது. பருப்பு மலர்ந்து வேகும், சோப்பைக் காட்டினாலே நுரை பொங்கும். இன்னொன்று, பள்ளிக்கூடத்துப் பக்கம் பஞ்சாயத்தில் போட்ட போர் தண்ணீர். கோடையில் ஊற்று சுருங்கும்போது மட்டும் ஊரே அதைத் தேடிப் போகும். வாயில் வைத்தால் சப்பென்று இருக்கும். சோப்பு அதில் நுரைக்காது, வழவழவென்று அழுக்கு மாதிரி கையில் ஒட்டும். கழுவிக் கவிழ்த்த குண்டா காய்ந்தால் வெள்ளை வெள்ளையாகப் பூத்துக் கிடக்கும். மழை பிடித்ததும் அந்தக் குழாய்ப் பக்கம் ஆடு மாடுகூடப் போகாது.

அத்தாயியின் புருஷன் அர்த்தனாரி போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிறது. மிளகு பறிக்க சில்வர் ஓக் மரத்தில் மூங்கில் ஏணியைச் சாத்தி ஏறியவர், ஏணி வழுக்கி விழுந்தார். ஆஸ்பத்திரிக்கு ஜீப்பில் போட்டு இறக்கிக்கொண்டு போகையில் மலைப் பாதையின் பாதி வளைவிலேயே மூச்சு நின்றுவிட்டது. அப்போது மகன் சந்தோஷ்குமார் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தான். மரவள்ளிக் கிழங்கு பிடுங்கி, மிளகு உருவி, அடுத்தவர் காட்டில் சாமைக்குக் களை எடுத்து, அவனை நாமக்கல்லில் ஐடிஐ வரைக்கும் படிக்க வைத்தாள். படித்து முடித்தவன் மலையடிவாரத்தில் காரவள்ளியில் ஒரு கடையில் மெக்கானிக்காகச் சேர்ந்தான். மிக்சி, கிரைண்டர், வாஷிங் மெஷின், கீசர் எல்லாம் பழுது பார்க்கிற கடை.

கடைக்கும் அது இருந்த கட்டிடத்துக்கும் சொந்தக்காரர் வெங்கிடுசாமி. நிலபுலன் உள்ளவர். அவருடைய ஒரே மகள் சுஜிதா, கட்டினால் இந்த மெக்கானிக்கைத்தான் கட்டுவேன் என்று ஒற்றைக்காலில் நின்றுவிட்டாள். வெங்கிடுசாமி தலைகீழாக நின்று பார்த்தார். நடக்கவில்லை. கடைசியில், "கட்டிக் குடுக்கறேன். ஆனா மாப்பிள்ள எங்கூட்லதான் இருக்கோணும்" என்றார். அத்தாயி கல்யாணத்துக்குப் போய் மண்டபத்தில் ஒரு ஓரமாக உட்கார்ந்திருந்துவிட்டு, சாப்பிட்டுவிட்டு, கடைசி பஸ்ஸில் மேலே ஏறி வந்துவிட்டாள். வந்தவள் அன்றைக்குக் கோழியைக் கூடையில் மூட மறந்துபோனாள்.

வெங்கிடுசாமியைக் கெட்டவர் என்று சொல்லிவிட முடியாது. மருமகனைச் சாப்பாட்டிலோ துணிமணியிலோ ஒரு நாளும் குறை வைத்ததில்லை. ஆனால் மாப்பிள்ளை மலைக்காரன் என்று சொந்தக்காரர்கள் முதுகுக்குப் பின்னால் பேசுவது அவர் காதில் விழாமல் இல்லை. அவன் மலைப் பக்கம் போய்வரும்போதெல்லாம் அந்தப் பேச்சு புதுசாகக் கிளம்புகிறது என்பது அவர் கணக்கு. அதனால் சந்தோஷ்குமார் பஸ் ஏறப் போகிறான் என்று தெரிந்தாலே, "எதுக்கு மாப்ள இப்ப?" என்பார். அதட்டலாகக்கூட இல்லை, சாதாரணமாகத்தான் கேட்பார். அம்மாவைப் பார்க்க என்று பதில் சொல்ல அந்தப் பிள்ளைக்கு நாக்கு எழாது. போட்டுக்கொள்ள எடுத்த சட்டையை மறுபடி ஆணியில் மாட்டிவிட்டுக் கடையில் போய் உட்கார்ந்துகொள்வான். இந்தக் காலத்தில் இப்படி ஒரு பயந்தாங்கொள்ளியா என்று நமக்குக் கோபம் வரலாம். அத்தாயிக்கு வராது. "அவன் சாது" என்று சொல்லி முடித்துக்கொள்வாள்.

கல்யாணமான வருஷம் மார்கழியில்தான் மிஷின் வந்தது. கடையில் யாரோ பழசைப் போட்டுவிட்டுப் புதுசு வாங்கிப் போக, அந்தப் பழைய கீசரைச் சீர் செய்து தோளில் தூக்கிக்கொண்டு வந்து மாட்டினான். குளியலறைக் கூரை ஓரத்தில் ஒரு நீல டிரம்மை ஏற்றி, ஊற்று ஓஸை அதில் விழ விட்டு, டிரம்மிலிருந்து மிஷினுக்குக் குழாய் கொடுத்தான். "குளுர்ல நடுங்காதம்மா, இதுல குளி" என்று சொல்லிவிட்டுப் போனான். அத்தாயி ஒரு தடவை குளித்துப் பார்த்தாள். உடம்பு வெந்த கிழங்கு மாதிரி துவண்டுபோனது. அதோடு விட்டுவிட்டாள். ஆனால் போன் பண்ணும்போதெல்லாம், "மிஷின் போடறயாம்மா?" என்று அவன் கேட்பான். பெற்ற பிள்ளையிடம் பொய் சொல்ல மனசு வராமல் தினமும் அதைப் போட்டு, அந்தத் தண்ணீரில் பாத்திரம் துலக்கினாள், துணி அலசினாள். ஆயுத பூஜைக்கு அரிவாள், மண்வெட்டியோடு அதற்கும் பொட்டு வைத்தாள்.

அடுத்த கோடையில் ஊற்று சுருங்கியது. ஊரோடு சேர்ந்து அவளும் போர் தண்ணீரைக் குடத்தில் கொண்டுவந்து, கல்லின் மேல் ஏறி நின்று டிரம்மில் ஊற்றினாள். கொஞ்ச நாளில் மிஷினுக்குள் சோளம் பொரிகிற மாதிரி சத்தம் கேட்கத் தொடங்கியது. அப்புறம் குழாயில் வெள்ளைச் சில்லு சில்லாக என்னவோ விழுந்தது. அத்தாயி அதற்கு முன் அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. சுண்ணாம்பு போல இருக்கிறதே, வெற்றிலைக்கு ஆகுமா என்று நாக்கில் வைத்துப் பார்த்தாள். காரமும் இல்லை, ஒன்றும் இல்லை. பிறகு ஒரு நாள் எவ்வளவு நேரம் போட்டும் தண்ணீர் சுடவே இல்லை. மகனுக்குப் போன் போட்டாள்.

"எதுக்கு மாப்ள?" என்று வெங்கிடுசாமி கேட்டிருக்கிறார். "மிஷின் ரிப்பேருங்க மாமா" என்று இவன் சொல்லியிருக்கிறான். அவர் மறுபேச்சு பேசவில்லையாம். பழுது பார்க்கப் போகிறவனை யார் தடுக்க முடியும்? அதுதானே அவர் கடையின் தொழில்.

அன்றைக்கு வந்த சந்தோஷ்குமார் கரண்டை நிறுத்தி, தண்ணீரை வடித்து, அடியிலிருந்த போல்ட்டுகளைக் கழற்றித் தண்ணீரைச் சூடாக்குகிற காயிலை வெளியே இழுத்தான். விரல் தடிமன் கம்பி கை தடிமனுக்கு வீங்கியிருந்தது. சுற்றிலும் வெள்ளையாக, கல்லாக இறுகிப்போன உப்பு. "இத வெச்சுக்கிட்டுத் தண்ணி எப்படிச் சுடும்" என்று சிரித்தான். சுத்தியலில் தட்டினால் கம்பி போய்விடுமாம். புளிப்பில் ஊற வைத்தால் தானாகக் கழன்றுவிடுமாம். அதற்கென்று பவுடர் பொட்டலம் கொண்டுவந்திருந்தான். கரைத்து ஊற்றினால் வெகு சீக்கிரம் விட்டுவிடும் என்றான்.

"எலுமிச்சைச் சாத்துல விடாதா சாமி?" என்றாள் அத்தாயி.

"விடும். ஆனா சாயங்காலம் வரைக்கும் ஊறோணும்."

"அப்ப எலுமிச்சையே போடு. பவுடர் கண்டதையும் கலந்திருப்பான். அந்தத் தண்ணி நம்ம மேலதான விழுகுது."

குளியலறையை ஒட்டி நின்ற மரத்தில் பழம் கொட்டிக் கிடந்தது. முறம் நிறையப் பறித்து வந்து அவள் அரிந்து பிழிய, அவன் வாளியில் காயிலை இறக்கினான். புசுபுசுவென்று நுரைத்துக்கொண்டு உப்பு கரைய ஆரம்பித்தது. அது கரைகிற வரைக்கும் அவனுக்குச் செய்ய வேறு வேலை இல்லை. சாமைச் சோறும் கோழிக் குழம்பும் சாப்பிட்டான். பாயை விரித்துப் படுத்துச் சின்ன வயசில் தூங்குகிற மாதிரி வாயைத் திறந்துகொண்டு தூங்கினான். அத்தாயி பக்கத்தில் உட்கார்ந்து விசிறினாள். ஈ எதுவும் இல்லை. சும்மாதான் விசிறினாள்.

கிளம்பும்போது மெக்கானிக் புத்தி போகாமல் அம்மாவுக்குப் பாடம் எடுத்தான். "எல்லாம் அந்த போர் தண்ணி பண்ற வேலம்மா. ஊத்துத் தண்ணி விட்டீன்னா வருசக் கணக்கா ஒண்ணும் ஆகாது. அந்தச் சூட்டுத் திருகையும் முழுசா வெக்காத. சூடு ஏற ஏறத்தான் உப்பு கெட்டியாப் பிடிக்கும். அப்பப்பக் கொஞ்சம் தண்ணிய வடிச்சு உடு."

அத்தாயி எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள்.

மழை வந்தது, ஊற்று பெருகியது, ஓஸில் தண்ணீர் சீறிக்கொண்டு விழுந்தது. மிஷின் கல்லுக்குண்டாக வேலை செய்தது. ஒரு சத்தம் இல்லை, ஒரு சில்லு இல்லை. சந்தோஷ்குமாரும் வரவில்லை. ஆடிக்கு வருவான் என்று பார்த்தாள், தீபாவளிக்கு வருவான் என்று பார்த்தாள். பொங்கலுக்கு மிளகும் அன்னாசியும் மூட்டை கட்டி பஸ் கண்டக்டரிடம் கொடுத்து அனுப்பினாள். போனில் சுஜிதா, "ஏனுங்கத்தே, சாப்ட்டீங்களா?" என்று நல்லபடியாகத்தான் கேட்டாள். வளைவு ஏறினால் வாந்தி வருகிறது என்று அவள் மேலே வந்ததே இல்லை. சோளக்காட்டுச் சந்தையில் யாராவது மகனைப் பற்றி விசாரித்தால், "அவனுக்குக் கடையில வேல தலைக்கு மேல" என்று பெருமையாகச் சொல்லிவிட்டு வந்து, வீட்டில் அடுப்பு மூட்டாமல் உட்கார்ந்திருந்தாள். பேச ஆளில்லாத வீட்டில் பசிகூட நேரத்துக்கு வருவதில்லை.

அப்படி உட்கார்ந்திருந்த ஒரு சாயங்காலத்தில்தான் அவளுக்கு அந்த யோசனை வந்தது. எழுந்து போய்க் கல்லின் மேல் ஏறினாள். டிரம்மில் விழுந்துகொண்டிருந்த ஓஸை எடுத்து வாழை மரத்தடியில் போட்டாள். குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக் குழாய்க்குப் போனாள்.

மகன் செய்யாதே என்று சொன்ன ஒவ்வொன்றையும் சொன்னபடியே செய்தாள். போர் தண்ணீரை ஊற்றினாள். திருகைக் கடைசி வரை முறுக்கினாள். மறந்தும் தண்ணீரை வடித்து விடவில்லை. வெந்நீரை என்ன செய்வது என்று தெரியாமல் சாக்கு, கோணி, கட்டில் கயிறு எல்லாவற்றையும் வெந்நீரில் அலசினாள். ஆட்டுக்குட்டிக்கு வெந்நீர்க் குளியல் நடந்தது. அது மலையேறிப் பாறையில் போய் நின்றுகொண்டு இறங்க மாட்டேன் என்றது.

பக்கத்து வீட்டுக் கலைச்செல்விக்கு இது பொறுக்கவில்லை. "ஏனக்கா, ஓஸ்ல தண்ணி வாழைக்குப் பாயுது, நீ மெனக்கெட்டு அந்தச் சப்பத் தண்ணியத் தூக்கிட்டுப் போற?"

"இது ருசியா இருக்குது கண்ணு."

கலைச்செல்வி அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டுப் போனாள். தனியாக இருந்து இருந்து அத்தாயிக்குப் புத்தி பிசகிவிட்டது என்று அன்றைக்கே நாலு வீட்டில் சொல்லியிருப்பாள். சொல்லட்டுமே. அத்தாயிக்கு வேண்டியது மிஷினுக்குள் அந்தச் சோளம் பொரிகிற சத்தம். அது கேட்கத் தொடங்கிய நாள் அவளுக்கு மனசு குளிர்ந்துபோனது. தண்ணீர் சுடாமல் போனதும் போனை எடுத்து, "அடச்சுக்கிச்சு சாமி" என்றாள்.

அதற்கப்புறம் அதுவே வழக்கமானது. அவன் ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்பான். சனிக்கிழமை சாயங்காலம் இவள் ஓஸை மறுபடி டிரம்மில் போட்டு வைத்துவிடுவாள். அவன் காயிலைக் கழற்றிப் பார்த்துவிட்டு, "எங்கிருந்துதான் இவ்வளவு உப்பு வருதோ. ஊத்துலயே என்னமோ எறங்குதாட்டம் இருக்குது" என்று தலையைச் சொறிவான். இவள் முறத்தோடு எலுமிச்சை பறிக்கப் போவாள். சாயங்காலம் வரைக்கும் மகன் வீட்டில் இருப்பான். சில சமயம் கிளம்புகிற நேரம் வந்தும், "இன்னும் கொஞ்சம் ஊறட்டும் சாமி, ஓரத்துல வெள்ளையாத் தெரியுது" என்பாள். அவனும் உட்காருவான்.

இந்த வருஷம் ஆவணியில் வழக்கம்போல அடைத்துக்கொண்டது, வழக்கம்போலப் போன் போட்டாள். மகன் குரல் வழக்கம்போல இல்லை. "மாமா சலிச்சுக்கறாரும்மா. ஒரு கீசருக்கு எத்தன தடவதான் ஏறி எறங்குவன்னு. உப்பே பிடிக்காத காயில் ஒண்ணு வந்திருக்குது, அதையே குடுத்து உட்டிருக்கறாரு. மாட்டிட்டா அப்பறம் நான் வர வேண்டிய வேலையே இருக்காது. ஞாயித்துக்கெழம வாரேன்."

வர வேண்டிய வேலையே இருக்காது என்பதை அவன் நல்ல சேதி மாதிரி சொன்னான். அத்தாயி போனைக் கையில் வைத்துக்கொண்டு வாசல்படியில் உட்கார்ந்துவிட்டாள். தடுக்கவும் வழியில்லை. நல்ல சாமான் வேண்டாம் என்று யார் சொல்வார்கள்? இருக்கிற காயிலை உடைத்தாலும் அந்தப் புதுசைத்தான் மாட்டப் போகிறான். யோசிக்க யோசிக்க ஒரு வழியும் தெரியாமல், பழக்க தோஷத்தில் வெள்ளிக்கிழமை காலையிலும் குடத்தை எடுத்துக்கொண்டு குழாய்க்குப் போனாள். அடைத்துப்போன மிஷினுக்கு இன்னும் எதற்குத் தண்ணீர் என்று அவளுக்கே தெரியாது.

தண்ணீர்க் குடத்தோடு திரும்பி வந்தவள் வாசலில் மகனைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள். தோளில் டூல்ஸ் பை, கையில் புதுக் காயில் அட்டைப்பெட்டி.

"ஞாயித்துக்கெழம கட தொறக்கோணுங்கறாரு மாமா. அதான் இன்னிக்கே வந்துட்டேன்" என்றான். "என்னம்மா, போர் தண்ணியா? எதுக்கு?"

"ஆட்டுக்கு சாமி."

அவன் குளியலறைக்குள் போய்விட்டான். அத்தாயி குடத்தை இறக்கி வைத்தாள். முறத்தை எடுத்துக்கொண்டு எலுமிச்சை பறிக்கப் போனாள். இன்றைக்கு எலுமிச்சைக்கு வேலையில்லை என்பது அவளுக்கு நினைப்பில் இல்லை. கை தானாகப் பறித்தது.

உள்ளே போல்ட் கழற்றுகிற சத்தம் கேட்டது. பழைய காயில் வெளியே வந்து விழுந்தது. பிறகு கை கழுவ அவன் டிரம்முக் குழாயைத் திறந்தான். கையெல்லாம் கிரீஸ். சோப்பைப் போட்டுத் தேய்த்தான். நுரைக்கவில்லை. மறுபடி தேய்த்தான். வழவழவென்று கையில் ஒட்டிக்கொண்டு வந்ததே தவிர ஒரு குமிழிகூட வரவில்லை. அந்த மலையில் பிறந்து வளர்ந்தவனுக்கு அதற்கு மேல் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. வெளியே வந்து கல்லின் மேல் ஏறி டிரம்மை எட்டிப் பார்த்தான். சுற்றுமுற்றும் பார்த்தான். இறங்கி வாழை மரத்தடிக்குப் போய் ஓஸைக் கையில் எடுத்தான். ஊற்றுத் தண்ணீர் அவன் கையை உதறித் தள்ளிக்கொண்டு சீறியது. ஓஸ் பெரும்பாலும் அங்கேயே கிடந்ததால் அந்த வாழை மட்டும் மற்றதைவிட ஒரு ஆள் உயரம் வளர்ந்திருந்தது.

அத்தாயி முறத்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு மரத்தடியில் நின்றாள்.

"எத்தன நாளா இப்படி?" என்றான்.

அவள் முறத்திலிருந்த பழங்களை ஒவ்வொன்றாகத் திருப்பித் திருப்பி வைத்தாள்.

"அம்மா, உன்னத்தான் கேக்கறேன். தெரிஞ்சேதான் ஊத்துனியா?"

"மிஷின் நல்லா இருந்தா நீ வர மாட்டேங்கற சாமி" என்றாள் அத்தாயி.

அவ்வளவுதான் சொன்னாள். அழவில்லை. குறை சொல்கிற மாதிரியும் சொல்லவில்லை. மழை பெய்தால் ஊற்று பெருகும் என்று சொல்கிற மாதிரி சொன்னாள். சந்தோஷ்குமார்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டான். ஓஸைப் பிடித்துக்கொண்டே வெகு நேரம் நின்றான். தண்ணீர் அவன் பேன்ட்டையெல்லாம் நனைத்தது. கோபப்படுவான், கத்துவான் என்று அவள் காத்திருந்தாள். கத்தினால்கூடத் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

"எலுமிச்சம்பழம் பறிச்சிட்டியா?" என்றான் கடைசியில்.

"பறிச்சிட்டேன்."

"குடு, அரியலாம்."

"புதுக் காயிலுக்கு எதுக்கு எலுமிச்ச?"

"பழசுக்கு."

தூக்கி எறிய வேண்டிய காயில் அது. இருந்தும் இரண்டு பேரும் வாசலில் உட்கார்ந்து அவ்வளவு பழத்தையும் அரிந்து பிழிந்து வாளியில் ஊற்றினார்கள். அவன் காயிலை அதில் இறக்கினான். புசுபுசுவென்று நுரைத்தது. இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் சாப்பிட்டான், படுத்தான். ஆனால் தூங்கவில்லை. கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தான். அத்தாயி விசிறியை எடுத்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தபோது, அவள் கையைப் பிடித்து உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தான். குடத்துக் கழுத்து அழுத்தி அழுத்தி விரல் மடிப்பெல்லாம் காய்த்துப் போயிருந்தது. பார்த்துவிட்டுக் கையைத் தன் மார்பின் மேல் வைத்துக்கொண்டான். எடு என்று அவளும் சொல்லவில்லை.

வெயில் இறங்கியதும் எழுந்தான். பழைய காயில் வாளியில் செம்பு மினுங்கக் கிடந்தது. அதைத் துடைத்து அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் புதுக் காயிலை எடுத்து மாட்டினான். அத்தாயி அந்த வேலையைப் பார்க்காமல் உள்ளே போய் நின்றுகொண்டாள். டிரம்மிலிருந்த போர் தண்ணீரையெல்லாம் வடித்துவிட்டு, ஓஸை அதில் போட்டுக் கம்பியால் இறுக்கிக் கட்டினான். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்து வாசலில் நின்றான்.

"மாமா கேட்பாரும்மா. மாட்டியாச்சுன்னு சொல்லோணும். உன்ற மிஷின் இனிமே அடைக்காது."

"செரி சாமி."

"நீ இனிமே கொடம் தூக்காத."

"செரி."

"ஆனா போன் பண்ணு. மிஷின் அடச்சுக்கிச்சுன்னு சொல்லு. மலையில எத்தனையோ ஊட்டுல, காட்டேஜுல கீசர் இருக்குது. ஏதோ ஒரு ஊடுன்னு சொல்லிட்டு வாரேன்." தரையைப் பார்த்துக்கொண்டு மீதியைச் சொன்னான். "கடையில மாமா பக்கத்துல இருந்தா, நான் வேற யாரோடயோ பேசற மாதிரி பேசுவேன். நீ மனசுல வெச்சுக்காத."

பெற்ற தாயைப் பார்க்க வருவதற்கு இத்தனை ஜோடனையா என்று கேட்கத் தோன்றும். அத்தாயி கேட்கவில்லை. பஸ் நிற்கிற இடம் வரைக்கும் கூட நடந்து போனாள். "வாரேம்மா" என்று ஏறிக்கொண்டான். பஸ் வளைவில் திரும்பி மறைந்த பிறகும் அதன் ஹாரன் சத்தம் கீழே கீழே கேட்டுக்கொண்டே இருந்தது.

புரட்டாசி போனது. ஐப்பசி மழை பிடித்துக்கொண்டு நாள் முழுக்கத் தூறியது. மிஷினிலிருந்து தண்ணீர் கண்ணாடி மாதிரி வந்தது. உடனே போன் பண்ணினால் அவனுக்குச் சங்கடம் என்று அவளாக ஒரு கெடு வைத்துக்கொண்டு பொறுத்திருந்தாள். செய்ய வேலையில்லாமல் கை காய்ப்பெல்லாம் மெல்ல உரிந்து போனது. கலைச்செல்விகூட, "என்னக்கா, இப்ப அந்தத் தண்ணி ருசிக்கலையா?" என்று சீண்டினாள். கார்த்திகை பிறந்த பிறகு ஒரு நாள் காலையில், சிக்னல் கிடைக்கிற பாறை மேல் ஏறி நின்று மகன் நம்பரை அழுத்தினாள்.

கிரைண்டர் ஓடுகிற சத்தம் கேட்டது. யாரோ இருமுகிற சத்தம் கேட்டது. அது வெங்கிடுசாமி என்று அவளுக்குப் புரிந்தது.

"அலோ, யாருங்க?" என்றான் சந்தோஷ்குமார்.

முன்னாலேயே சொல்லி வைத்ததுதான். இருந்தும் போனைக் காதிலிருந்து எடுத்து ஒரு தடவை நம்பரைப் பார்த்துக்கொண்டாள்.

"மலையிலிருந்துங்க" என்றாள். "மிஷின் அடச்சுக்கிச்சுங்க."

"உப்பாத்தான் இருக்குமுங்க. எந்த ஊருங்க?"

"ஆலத்தூர் நாடுங்க. குளிக்கற எடத்துப் பக்கம் எலுமிச்ச மரம் நிக்கற ஊடுங்க."

அந்தப் பக்கம் கிரைண்டரை நிறுத்துகிற சத்தம் கேட்டது.

"தெரியுமுங்க" என்றான். "அந்த ஊடு நல்லாத் தெரியுமுங்க. நாளைக்கு வாரேனுங்க."

"வாங்க" என்றாள் அத்தாயி. மகனை அவள் வாங்க என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. சொன்ன பிறகுதான் கண்ணில் தண்ணீர் முட்டியது. முந்தானையால் துடைத்துக்கொண்டு பாறையிலிருந்து பார்த்துப் பார்த்து இறங்கினாள். வீட்டுக்கு வந்து பரணில் ஏறிப் பழைய காயிலை எடுத்து வாளிக்குள் வைத்தாள். பிறகு முறத்தை எடுத்துக்கொண்டு எலுமிச்சை மரத்தடிக்குப் போனாள்.